தலைப்பு இருக்கிறது, சொல்ல வந்தது எங்கே? (ஆய்வுக் கட்டுரையின் மையக் கூற்று பற்றி)

9 ஆகஸ்ட் 2025, பாலக்கோட்டிலிருந்து ஒரு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர் கேட்டது

மேடம், என் ப்ராஜெக்ட் தலைப்பு "தர்மபுரி மாவட்டத்தில் ஃப்ளோரைடு பிரச்சினையும் மக்கள் உடல்நலமும் – ஓர் ஆய்வு". சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்தேன், கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். "தீசிஸ் ஸ்டேட்மென்ட் எங்கே?" என்று, அதாவது ஆய்வு நிறுவ வருகிற மையக் கூற்று எங்கே என்று, சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறார். "நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு தர்மபுரி மாவட்ட மக்களின் உடல்நலத்தைப் பாதிக்கிறது" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேனே, அது போதாதா? சீனியர்கள் எல்லாம் இப்படி எழுதித்தான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

9 ஆகஸ்ட், இரவு

போதாது தம்பி. நீ எழுதிய வரியைப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகப் படி. ஒருத்தராவது நின்று "இல்லப்பா, அப்படி இல்லை" என்று சொல்வாரா? மாட்டார். ஃப்ளோரைடு தண்ணீரால் பல்லில் பழுப்புக் கறை ஏறிய வீடு இந்தப் பக்கம் எத்தனையோ. ஊரே அறிந்த ஒன்றைச் சொல்வதற்கு நூறு பக்கம் எதற்கு என்றுதான் உன் கைடு கேட்கிறார்.

நான் எம்.ஃபில். செய்த காலத்தில் எனக்குக் கைடாக இருந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவர் கொண்டுபோகும் வரியை முழுசாகப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைப்பார். நம் முகத்தைப் பார்த்து "அப்படி இல்லையே" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பதிலாக நம்மிடம் பத்து நிமிடம் பேசச் சரக்கு இருந்தால் அந்த வரி தேறும். "இல்லையே" என்று சொல்லவே முடியாதபடி வரி இருந்தால் அவரே சிரித்துவிட்டு, "இதை நான் எப்படி மறுக்கிறது, வேற கொண்டுவா" என்று அனுப்பிவிடுவார். இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

உன் வரியை அப்படி ஒருத்தர் மறுக்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வா. அப்புறம் பேசலாம்.

10 ஆகஸ்ட், காலை

நேற்று விட்டுப்போன ஒன்று. மையக் கூற்றை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஏழெட்டுப் பக்கக் கருத்தரங்கக் கட்டுரை என்றால் முன்னுரை முடிகிற இடத்தில். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. ஆய்வேடு என்றால் முதல் இயலில். ஆனால் நம் ஆய்வேடுகளில் முதல் இயலைத் திறந்தால் ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், மூலங்கள், அணுகுமுறை, இயல் பகுப்பு என்று தலைப்பு தலைப்பாக வரும். ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி. சொல்ல வந்தது அந்தக் குவியலில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். தலைப்புகள் இருக்கட்டும், பல்கலைக்கழகம் கேட்கிறது, கொடுத்துத்தான் ஆகவேண்டும். அவற்றுக்கு முன்பாக ஒரு பத்தி எழுதி, அதன் கடைசி வரியில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுங்கள். தேர்வாளர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

12 ஆகஸ்ட், இரவு

தம்பி அனுப்பிய இரண்டாவது வரி: "ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் ஃப்ளோரைடு பாதிப்பு குறையவில்லை, மாவட்டக் கல்லூரி மாணவர்களின் பற்களே இதற்குச் சாட்சி."

பெரிய முன்னேற்றம். மறுக்க ஆள் இருக்கிறது. குடிநீர் வாரியத்தில் இருப்பவர்கள் மறுப்பார்கள், நன்றாகத் தண்ணீர் வரும் ஊர்க்காரர்களும் மறுப்பார்கள். ஆனால் சாட்சி தப்பான சாட்சி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வடிவம் சரியாக இருந்தும் ஒரு கூற்று விழுகிற இடம் இது.

பல்லில் வரும் கறை இன்று குடிக்கிற தண்ணீரைச் சொல்லாது. பல்லின் எனாமல் உருவாகிற வயதில் குடித்த தண்ணீரைத்தான் சொல்லும். கடைவாய் ஞானப்பல்லை விட்டுவிட்டால், அந்த வேலை சுமார் 8 வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் உள்ளே பதிந்த கறை போகாது, எவ்வளவு ஃப்ளோரைடு தண்ணீர் குடித்தாலும் அந்தப் பல்லில் புதிதாக இந்தக் கறை ஏறாது. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் அந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013ல். உன்னோடு படிக்கிற 20 வயதுப் பையன் 2005ல் பிறந்தவன். தண்ணீர் வந்தபோது அவனுக்கு 8 வயது. அவன் பல் சொல்வது திட்டத்துக்கு முந்தைய போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரின் கதை. அந்தப் பல்லைக் காட்டித் திட்டம் தோற்றது என்று எழுதினால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது ஒரு பல் மருத்துவர் உட்கார்ந்திருந்தால் போதும், மொத்த ஆய்வேடும் அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியென்றால் யாரைப் பார்க்க வேண்டும்? 2013க்குப் பிறகு பிறந்தவர்களை. இப்போது நாலாவது ஐந்தாவது படிக்கிற, முன்பல் விழுந்து முளைத்த பிள்ளைகளை. அதே ஊரில் அவர்களின் அண்ணன் அக்காக்களையும் பார்த்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம்.

கவனி, கூற்றில் ஒரு சொல்லைத்தான் மாற்றினோம். ஆனால் நீ போக வேண்டிய இடம் கல்லூரி வளாகத்திலிருந்து தொடக்கப் பள்ளிக்கு மாறிவிட்டது. யாரைப் பார்க்க வேண்டும், எங்கே போக வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சொல்லாத வரியை வைத்துக்கொண்டு களத்துக்குப் போகாதே, பஸ் செலவுதான் மிச்சம்.

12 ஆகஸ்ட், இன்னும் கொஞ்சம்

கீழே பின்னூட்டத்தில் ஒருவர் "காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும், அதையும் எழுதச் சொல்லுங்கள்" என்கிறார். வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மீதித் தண்ணீரில் செறிவு கூடும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. போர் தண்ணீரில் களி கிண்டுவதும் சோறு பொங்குவதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. தம்பி, இதைக் குறித்து வைத்துக்கொள், உனக்குப் பின்னால் உதவும்.

15 ஆகஸ்ட்

அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கோபமாகக் கேட்கிறாள்: "எல்லா ஆய்வும் யாரோடாவது சண்டை போடணுமா மேடம்? நான் எங்க பகுதி நடுகற்களைத் தேடித் தேடிப் பதிவு பண்றேன். யாரும் பார்க்காத கல்லைப் பதிவு பண்றதே ஒரு வேலைதானே?"

வேலைதான். மிகப் பெரிய வேலை. நானே அந்தப் பக்கம் புதரை விலக்கிக் கல்லைத் தேடியிருக்கிறேன். எழுத்துத் தெரியாமல் தேய்ந்துபோன கல்லில் மாவைத் தூவி மெதுவாகத் துடைத்தால், பள்ளத்தில் மாவு நின்று ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழுந்து வரும். "தொறு" என்று முதலில் தெரியும். தொறு என்றால் மாட்டு மந்தை. அப்புறம் "பட்டான்" தெரியும். மாட்டை மீட்கப் போய் ஒருத்தன் செத்திருக்கிறான். அந்த நிமிடத்தை அனுபவித்தவர்களுக்குப் பதிவு செய்வதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனால் மறுக்க ஆள் வேண்டும் என்று நான் சொன்னதைக் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்வோம். எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு எதிர்பார்ப்பு இருந்தால் போதும். விவரம் தெரிந்த ஒருவர் உன் பட்டியலைப் பார்க்கும் முன் என்ன எதிர்பார்த்திருப்பார், பட்டியல் அவருக்கு எங்கே வேறு மாதிரி காட்டுகிறது, அந்த இடம்தான் உன் கூற்று.

"நடுகற்கள் நம் முன்னோரின் வீரத்தைக் காட்டுகின்றன" என்று எழுதினால் அந்தக் கல்லைப் பார்த்தவர் பார்க்காதவர் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இதையே இப்படிப் பார். பழைய போர்ப் பாடல்களுக்கு இலக்கணம் சொல்லும் புறப்பொருள் மரபில் வெட்சி என்பது போரின் தொடக்கம். அரசன் ஏவ வீரர்கள் பகைவர் ஆநிரையைக் கவர்வார்கள், அதிலிருந்து பெரிய போர் கிளம்பும். இலக்கணம் படித்தவர் அந்தக் கண்ணோடுதான் உன் கல்லைப் பார்ப்பார். உன் கற்களில் பெரும்பாலானவை வேந்தர் போர் எதையும் சொல்லாமல், ஒரு ஊர் மாட்டை இன்னொரு ஊர்க்காரன் ஓட்டிப்போனதையும் இவன் மீட்டுச் செத்ததையும் மட்டும் சொல்கின்றன என்று வைத்துக்கொள். அப்போது "இப்பகுதி நடுகற்கள் காட்டும் ஆகோள் (மாடு கவர்தல்) அரசப் போரின் முன்னோட்டமாக இல்லை, மேய்ச்சல் ஊர்களுக்கிடையே மாட்டுச் செல்வத்துக்காக நடந்த பூசல்" என்று எழுதலாம். அது சரியா தப்பா என்று உன் பதிவுதான் சொல்ல வேண்டும். எத்தனை கல்லில் அரசன் பெயர் ஆட்சியாண்டுக்காக மட்டும் வருகிறது, எத்தனையில் அவனுக்காகச் செத்ததாக வருகிறது என்று பிரித்துப் பார். பதிவு அப்படியே இருக்கும். அதன் தலையில் ஒரு வரி ஏறும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சடங்கு, நமக்கு எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்னூலைத் திறந்து பாயிரத்தில் எழுவகை மதத்தைப் பாருங்கள். மதம் என்றால் இங்கே கொள்கை. ஒரு நூல் பிறர் கருத்தின் முன்னால் எப்படியெல்லாம் நிற்கலாம் என்று பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே ஏழு வழி சொல்லியிருக்கிறார். உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னால் களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டு நிற்கையில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், எதோடும் சேராமல் தன் மதம் கொள்ளுதல். இந்த ஏழையும் கரும்பலகையில் எழுதி, உன் கட்டுரை இதில் எது என்று கேட்டால், சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளைக்கு அப்போதே தெரிந்துவிடும். எம்.ஏ. தமிழ் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். தங்கள் ஆய்வேட்டுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு அதுதான் வருத்தம்.

அதில் என் மனசுக்குப் பிடித்தது ஐந்தாவது, இருவர் மாறுகோள் ஒருதலை துணிதல். ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாதம் 23ஆம் தேதியோடு சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் இறந்து நூறு வருடம் ஆகிவிட்டது. கருத்தரங்குகளுக்கு வந்து குவிகிற தலைப்பு: "விடுதலைப் போராட்டத்தில் சுப்பிரமணிய சிவாவின் பங்களிப்பு – ஓர் ஆய்வு". பங்களிப்பு என்று தலைப்பில் வந்தாலே உள்ளே பிறந்தது, படித்தது, சிறை சென்றது, இறந்தது என்று வரிசையாக வரும். அந்த மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1908ல் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியவர். அதே வருடம் கைதானார். 1912ல் தொழுநோயோடு வெளியே வந்தார். கடைசிக் காலத்தில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் வைத்துப் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட முயன்றார். வேலைநிறுத்தத்திலிருந்து கோயிலுக்கு வந்தது அரசியலிலிருந்து ஒதுங்கியதா, அதே அரசியலை வேறு வழியில் தொடர்ந்ததா? இரண்டு பக்கமும் பேச நியாயம் இருக்கிறது. அவரே நடத்திய ஞானபானு இதழ்ப் பக்கங்களைப் புரட்டி ஒரு பக்கம் துணிந்து எழுது. பத்துப் பக்கக் கட்டுரைக்கு அது தாங்கும். பாலக்கோட்டுத் தம்பிக்கு அடுத்த ஊர்தானே பாப்பாரப்பட்டி, யாராவது நண்பர்கள் செய்தால் நன்றாக இருக்கும்.

24 ஆகஸ்ட்

சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய வரிகள் என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் "பன்முகத் தாக்கங்களை", "பல்வேறு பரிமாணங்களில்", "முக்கியப் பங்கு வகிக்கிறது". தர்மபுரி என்ற பெயரை எடுத்துவிட்டுத் தஞ்சாவூர் என்று போட்டால் அப்படியே பொருந்தும். ஊர் பெயரை மாற்றினாலும் நிற்கிற கூற்றை வாங்க வேண்டாம், யாரிடமிருந்து வந்தாலும். கேட்பதென்றால் தலைகீழாகக் கேளுங்கள். உங்கள் சொந்த வரியைக் கொடுத்து, இதை மறுக்கிறவர் என்ன என்ன சொல்வார் என்று கேளுங்கள். வருகிற பதிலை நம்பாதீர்கள், சரிபாருங்கள். ஆனால் அந்தப் பயிற்சி உதவும்.

31 ஆகஸ்ட்

கருதுகோளும் மையக் கூற்றும் ஒன்றா என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள். கருதுகோள் சோதிக்கும் முன்பு வைப்பது, பொய்யாகவும் போகலாம், பொய்யாகப் போனாலும் ஆய்வு ஆய்வுதான். மையக் கூற்று சோதித்த பிறகு நிற்பது. அறிவியல் ஆய்வகக் கட்டுரை எழுதுகிறவர்கள் கருதுகோளை முன்னுரைக் கடைசியில் வைத்து முடிவுரையில் பதில் சொன்னால் சரி.

அப்புறம் இன்னொரு விஷயம், அளவு. கிருஷ்ணகிரிக் கல்லூரி மாணவர் ஒருவர் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பை வைத்து "உலகில் முதன்முதலில் இரும்பைக் கண்டவர்கள் தமிழர்களே" என்று எழுதியிருக்கிறார். தம்பி, உன் மாவட்டத்து மண்ணிலிருந்து வந்த செய்தி, உனக்குப் பெருமை இருக்கும், எனக்கும் இருக்கிறது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தபோது கி.மு. 2172 என்ற வருடத்தைக் கேட்டு நான் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆனால் அந்தக் காலக்கணிப்பு மயிலாடும்பாறையில் ஒரு அடுக்கில் கிடைத்ததைப் பற்றியது. "உலகில் முதன்முதலில்" என்பது உலகத்தில் தோண்டிய இடங்கள், இன்னும் தோண்டாத இடங்கள் எல்லாவற்றையும் பற்றியது. ஒரு குழியிலிருந்து அவ்வளவு தூரம் தாவ முடியாது. "தமிழகத்தில் இரும்புப் பயன்பாடு கி.மு. மூன்றாம் ஆயிரத்தின் கடைசிக்கே போகிறது என்பதை மயிலாடும்பாறை காட்டுகிறது; எனவே தென்னிந்திய இரும்புக் காலத்தைக் கி.மு. முதலாயிரத்தையொட்டி வைத்துப் பேசும் பாடநூல்களைத் திருத்த வேண்டும்" என்று எழுது. இதுவே பெரிய கூற்று. இதை யாராலும் எளிதில் தள்ளிவிட முடியாது.

6 செப்டம்பர்

எண்களை வைத்து எழுதுகிற பொருளியல் பிள்ளைகளுக்கு மட்டும். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. இதை 2001 புத்தகத்திலுள்ள தர்மபுரி எண்ணோடு ஒப்பிட்டுப் பத்து வருடத்தில் இவ்வளவு மாறியது, காரணம் இன்ன திட்டம் என்று ஒரு கூற்று வந்திருக்கிறது. 2001ல் அச்சான தர்மபுரிக்குள் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. 9 பிப்ரவரி 2004ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இரண்டு வேறு நிலப்பரப்பை ஒப்பிட்டுவிட்டு ஒரு திட்டத்துக்கு மாலை போடக்கூடாது. தாலுகா வாரியாகக் கூட்டிப் பழைய எல்லையையோ புதிய எல்லையையோ ஒன்றாக்கு. அதற்கப்புறமும் "இதனால்தான்" என்று எழுதக் கை வந்தால் நிறுத்தி, அதே பத்து வருடத்தில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று ஒரு தாளில் எழுதிப்பார்.

14 செப்டம்பர்

பாலக்கோட்டுத் தம்பியின் மூன்றாவது வரி. அப்படியே போடுகிறேன்:

"குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நேரம் உறுதியில்லாத ஊர்களில் குடிப்பதற்குக் குழாய் நீரும் சமையலுக்குப் போர் நீருமாக வீடுகள் பிரித்துப் பயன்படுத்துகின்றன, ஆகவே குடிநீர் இணைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஃப்ளோரைடு தடுப்பின் பலனை அளக்க முடியாது."

படித்ததும் எழுந்து நின்றேன். ஆகஸ்டில் அனுப்பிய வரியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் என்ன நடந்திருக்கிறது என்றால், மற்றவர்கள் பேசாமல் நடக்கிற ஒரு பாலத்தைத் தம்பி கண்டுபிடித்துவிட்டான். ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயர் 1958ல் வாதங்களைப் பிரித்துக் காட்டினார். கூற்று ஒன்று, அதற்கு ஆதாரம் ஒன்று, ஆதாரத்திலிருந்து கூற்றுக்குப் போகும் பாலம் ஒன்று. பாலத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். இத்தனை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தோம், ஆகவே ஃப்ளோரைடு குறைந்தது என்று ஒரு அறிக்கை சொன்னால், குழாய் இருக்கிற வீட்டில் எல்லா வேலைக்கும் குழாய்த் தண்ணீர்தான் என்பது நடுவில் ஒளிந்திருக்கிற பாலம். அந்த இடத்தில் தம்பி கைவைத்துவிட்டான். திட்டம் தோற்றது என்றும் சொல்லவில்லை, வென்றது என்றும் சொல்லவில்லை, அளவுகோல் தப்பு என்கிறான். எம்.எஸ்.டபிள்யூ. அளவில் இதுவே தாராளம்.

சந்தேகம் ஒன்றுதான். சமையலுக்குப் போர் நீர் என்று உனக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டில் அப்படி என்பதாலா? வீட்டுக்காரம்மாக்களிடம் "எந்தத் தண்ணியில சமைக்கிறீங்க" என்று நேராகக் கேட்டால், நல்ல பதிலைச் சொல்ல நினைத்துக் குழாய்த் தண்ணீர் என்பார்கள். அடுப்படியில் எந்தக் குடம் எங்கே இருக்கிறது என்று பார். இன்று காலை சோறு வைக்க எதிலிருந்து மொண்டீர்கள், நேற்றுத் தண்ணீர் வரவில்லையே அப்போது என்ன செய்தீர்கள் என்று கேள். "வழக்கமாக" என்று கேட்காதே, "நேற்று" என்று கேள்.

28 செப்டம்பர்

பாதி ஆய்வில் கூற்று மாறினால் கைடிடம் எப்படிச் சொல்வது என்று பயப்படுகிறார்கள். மாறத்தான் வேண்டும். களத்துக்குப் போய் வந்த பிறகும் ஒரு சொல்கூட மாறாத வரியைப் பார்த்தால் எனக்குத்தான் பயம் வரும். ஒரு தாளில் தேதி போட்டுப் பழைய வரியை எழுது, கீழே புதியதை எழுது, மாறியதற்கு என்ன பார்த்தாய் என்று ஒரு வரி எழுது. அந்தத் தாளோடு போனால் எந்தக் கைடும் மகிழ்ச்சியாகத்தான் பார்ப்பார்.

இதையெல்லாம் பழக முன்பு எம்.ஃபில். என்று ஒரு வருடம் இருந்தது. சின்னதாக ஒரு கூற்றை எடுத்து, அதோடு மல்லுக்கட்டி, வைவா வரை கொண்டுபோய்ப் பார்க்கிற வருடம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகளோடு அது நின்றுவிட்டது. இப்போது பிஎச்.டி.க்கு வருகிற பிள்ளை முதன்முதலாக ஒரு கூற்றை எழுதுவது நேரே நானூறு பக்க ஆய்வேட்டுக்காக. அதனால்தான் முதுகலை ப்ராஜெக்ட்டை ஏனோதானோ என்று முடிக்காதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

5 அக்டோபர்

தகடூரை, அதாவது பழைய தர்மபுரியை, ஆண்ட அதியமானைப் பற்றி எழுதுகிறவர்கள் கவனத்துக்கு. "அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே" என்ற வரி ஒரு காலத்தில் அருமையான மையக் கூற்று. அசோகர் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரையும் சொன்னார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 1981ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் தமிழி என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி என்று கல்லே பெயரைச் சொல்லிவிட்டது. இன்று அதே வரியைப் புதிதுபோல எழுதினால் நாற்பது வருடம் தாமதம். தகடூர்க்காரர்கள் என்பதால் நமக்கு இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்க ஆசை. ஆனால் பதில் கிடைத்த இடத்திலிருந்து அடுத்த கேள்வி கிளம்பியிருக்கிறது. அந்தக் கல்வெட்டில் கொடை கொடுத்ததாக வருகிறவன் சங்கப் பாட்டில் வரும் நெடுமான் அஞ்சியேதானா, அதே பெயரில் வந்த இன்னொருவனா? வடபுலத்தார் அழைத்த பெயரை இவன் தனக்கே பட்டமாக ஏன் சூடிக்கொண்டான்? அங்கே எழுத இடம் இருக்கிறது.

தேடாமல் கூற்று எழுதக்கூடாது என்பதற்காகவும் இதைச் சொன்னேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் உங்கள் தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். அரை நாள் வேலை.

11 அக்டோபர்

காவேரிப்பட்டணத்திலிருந்து எம்.காம். படிக்கும் பெண், மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் மா விவசாயிகளும் என்று தலைப்பு. அவள் வரி: "பெங்களூரா மாம்பழத்தின் விலையை விளைச்சலைவிட, கூழ் ஆலைகளில் போன வருடம் விற்காமல் தங்கிய சரக்கே தீர்மானிக்கிறது."

வரி நன்றாக இருக்கிறதும்மா. மறுக்க ஆலைக்காரர் இருக்கிறார், மண்டிக்காரர் இருக்கிறார், மழையைச் சொல்கிற உன் அப்பாவே இருக்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் ஆலைகள் தங்கள் சரக்குக் கணக்கை உனக்குக் காட்டப் போவதில்லை. காட்டாத கணக்கின் மேல் கூற்றைக் கட்டினால் மார்ச்சில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாய். கையில் கிடைக்கிற பக்கத்திலிருந்து அதே வாதத்தைச் சொல்ல முடியுமா என்று யோசி. கூழுக்குப் போகிற பெங்களூராவும் தின்பதற்குப் போகிற செந்தூராவும் ஒரே மழை, ஒரே வெயிலில் விளைகின்றன. விளைச்சல் நன்றாக இருந்த வருடத்தில் இரண்டின் விலையும் சேர்ந்து விழுந்ததா, பெங்களூரா மட்டும் தனியாக விழுந்ததா? தனியாக விழுந்த வருடங்கள் இருந்தால் மழையின் மேல் பழி போட முடியாது, ஆலைப் பக்கம் விரல் நீட்ட உனக்கு உரிமை வரும். செந்தூரா சீசனில் முன்னால் வந்துவிடும், அதனால் வாரத்துக்கு வாரம் ஒப்பிடாதே, வருடத்துக்கு வருடம் ஒப்பிடு.

இப்போது சீசன் இல்லை, மண்டி காலியாக இருக்கும், கணக்குப்பிள்ளைக்கும் பேச நேரம் இருக்கும். பழைய வருடத்து விற்பனைச் சீட்டுகளை உன் அப்பாவைப் போன்றவர்கள் வீட்டில் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். வீட்டுக் கம்பியிலிருந்து ஆரம்பி, பிறகு பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் கேள். தேதி, ரகம், எடை, விலை, நாலே நாலு பத்தி போட்டு ஒரு நோட்டில் ஏற்று. முப்பது நாற்பது சீட்டு சேர்ந்ததும் இங்கே எழுது.